குழந்தையை வைத்திருந்தவள்

கான்சஸ், 1890

அன்று அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.
பார்த்தவர்கள் சொல்கிறார்கள்:
ஆறடி உயரம், தொப்பியில் கறுப்பு ரிப்பன்.
எனக்குத் தெரிந்தது அவள் கைச்சூடு.
பார வண்டியின் மேல் ஏறுமுன்
எதிரே நின்ற முதல் பெண்ணிடம்
பிள்ளையைத் திணித்தாள்.
நான்தான் அந்த முதல் பெண்.

ஓரின், ஐந்து மாதம்.
பல் முளைக்கிற எரிச்சல். வாயெல்லாம் எச்சில்.
அவன் சிணுங்கச் சிணுங்க
வண்டிகளுக்குப் பின்னால் நடந்தேன்,
கோவேறு கழுதைகளின் வாலோரம்.
மிசஸ் டக்கெட்டின் பேச்சை
முழுக்க முதுகால் கேட்டேன்.

கேட்டேன் என்றா சொன்னேன்?
ஸ்வீடனிலிருந்து வந்து நாலு வருஷம்.
உப்பும் மண்ணெண்ணெயும் வாங்குகிற அளவு ஆங்கிலம்.
அவளுடைய பெரிய வார்த்தைகள்
தூற்றுகிறபோது பறக்கிற பதர் மாதிரி
என்னைத் தாண்டிப் போயின.
எண்கள் மட்டும் காலடியில் விழுந்தன.
ஒரு புஷல் மக்காச்சோளம் பன்னிரண்டு சென்ட்.
மாட்டை அடகு வைத்தால்
வட்டி நூற்றுக்கு நாற்பது.
அந்த நாற்பதுக்குள்
எங்கள் செவலைப் பசு நின்றது.

போன குளிருக்கு நாங்கள் சோளத்தை எரித்தோம்.
நிலக்கரி அதைவிட விலை.
கதிர் கதிராய் அடுப்பில் போட
மணிகள் பொரிகிற வாசனைக்கு
பிள்ளைகள் தூக்கம் கலைந்து
தட்டோடு வந்து நின்றார்கள்.
இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.
அவளுக்கு எப்படித் தெரிந்தது?
அடுப்பு, சோளம், பிள்ளைகள்,
இந்த மூன்று சொல்லும் எனக்குத் தெரியும்.
மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அப்போதுதான் ஆண்கள் கை தட்டினார்கள்.
ஓரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது.
நான் அவன் காதைப் பொத்தினேன்.
என் காதை யார் பொத்துவது.

இரண்டு மணி நேரம் கழித்து இறங்கினாள்.
சால்வையை இழுத்து மூடுமுன்
சட்டையின் முன்புறம் பார்த்தேன்:
பால் கசிந்து இரண்டு ஈர வட்டம்.
முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.
அழுதானா என்று கேட்டாள்.
இல்லை என்றேன்.
நான் ஆங்கிலத்தில் சொன்ன முதல் பொய்.

வியாழக்கிழமை பத்திரிகையில் வந்ததை
நில்ஸ் எழுத்துக்கூட்டி வாசித்தான்.
ஆண்குரல் கொண்ட பெண்ணாம்,
பெற்ற பிள்ளையை யாரிடமோ போட்டுவிட்டு
மேடையேறினாளாம்.
பன்னிரண்டு சென்ட் அதில் இல்லை.
நாற்பது இல்லை.
யாரிடமோ இருந்தது. அது நான்.

நவம்பரில் தேர்தல்.
நில்ஸ் குதிரையேறி ஓட்டுப் போடப் போனான்.
எனக்கு ஓட்டு இல்லை, வண்டி இருந்தது.
உதிர்த்த சோளத்தை ஏற்றி
ரயிலடிக் கிடங்குக்கு ஓட்டினேன்.
எடைக்காரர் விப்பிள் நல்ல மனிதர்,
தொப்பியைத் தொட்டு வணங்குவார்.
பார வண்டி எடைமேடையில் நின்றபோது
நாலடி தள்ளி நின்றார்.
சோளம் கொட்டிக் காலி வண்டி ஏறியபோது
பக்கத்தில் வந்தார்.
வானிலை பற்றிப் பேசினார்.
அவர் பூட்ஸ் பலகையின் ஓரத்தில் இருந்தது.

காலி வண்டி கனத்தால்
சோளம் குறையும்.
நாலு வருஷமாய்க் குறைந்துகொண்டிருந்தது.

பேச எனக்கு மேடை வேண்டியிருக்கவில்லை.
பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டியிருக்கவில்லை.
இரண்டு சொல்தான் தெரிந்திருந்தது.
காலை எடு என்றேன்.

நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.
எனக்குப் பின்னால் ஒன்பது வண்டி வரிசை.
யாரும் கை தட்டவில்லை.
ஒருவன் இருமினான்.
ஒருவன் இறங்கி வந்து
மேடையின் விளிம்பைக் குனிந்து பார்த்தான்.

விப்பிள் காலை எடுத்தார்.
தராசுக்கோல் தாழ்ந்தது.
இருபத்தெட்டு பவுண்டு.
அரை புஷல்.
ஆறு சென்ட்.